திருக்கயிலாய யாத்திரையும் உடல் நலமும்

இம்மலரில் தலவரலாறோ திருமுறைச் சிந்தனையோ எழுதுவதே என் வழக்கம். இவ்வாண்டு செயலவைக் கூட்டத்தில், கயிலை யாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே இம்முறை ஆன்மாவைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு உடம்பைப் பற்றி எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவன் ஆதலால், பாடம் நடத்தும் வாடை வீசினால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் ஊரை எண்ணிப் பாருங்கள். பெர்ணம் ஆற்று முகத்துவாரத்திலிருந்து சுங்கை பெசார், செகிஞ்சான் வயல்வெளி வரை எங்கும் சமதரை. கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் மேலே பிறந்து, அங்கேயே தென்னையும் செம்பனையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம்மில் பலர் ஏறிய மலை பத்துமலையின் 272 படிகள்தாம். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போயிருந்தால் அது ஏறத்தாழ 1,500 மீட்டர். கெந்திங் 1,800 மீட்டர் அளவில் இருக்கிறது. நாட்டிலேயே மிக உயர்ந்த கினபாலு சிகரம் 4,095 மீட்டர். மானசரோவர் ஏரிக்கரையோ ஏறத்தாழ 4,590 மீட்டர்! கினபாலு உச்சிக்கும் மேலே போய், அங்கே படுத்துறங்கி, எழுந்து இன்னும் மேலே ஏறி, ஏறத்தாழ 5,630 மீட்டரில் உள்ள டோல்மா கணவாயைத் தாண்டினால்தான் திருக்கயிலையை வலம் வர இயலும். அந்த வலம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர், மூன்று நாள் நடை.

மலையில் பிராணவாயு குறைவு என்று பொதுவாகச் சொல்லுகிறோம். காற்றில் அதன் பங்கு அங்கேயும் நூற்றுக்கு 21தான். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் நெஞ்சுக்குள் போகும் பிராணவாயுவும் குறைகிறது. மானசரோவரில் அது சபாக்கில் கிடைப்பதில் அறுபது விழுக்காட்டுக்கும் கீழே. 5,500 மீட்டரில் சரிபாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் பழகுவதற்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களைக் கொடுக்காமல் ஏறுவதால் வருவதுதான் மலை நோய்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2019-ஆம் ஆண்டு எங்கள் குழுவில் பதினைந்து பேர் காத்மாண்டு வழியாகக் கயிலைக்குப் புறப்பட்டோம். காத்மாண்டு 1,400 மீட்டர். எல்லை தாண்டினால் கேரோங் என்ற சிற்றூர், ஏறத்தாழ 2,800 மீட்டர். அடுத்த தங்கல் சாகா, 4,500 மீட்டர் அளவில். கேரோங்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்குவது நல்ல பயணத் திட்டத்தின் அடையாளம். எங்கள் ஏற்பாட்டாளர் அந்த நாளை நீக்கிவிட்டிருந்தார். செலவும் விடுப்பும் மிச்சம் என்று நாங்களும் மகிழ்ந்தோம். ஆகவே பழியில் எங்களுக்கும் பங்கு உண்டு.

என் மனைவியின் அண்ணனும் உடன் வந்தார். அப்போது அவருக்கு 68 வயது. ரப்பர் மரம் சீவி, பின்னாளில் செம்பனைக் குலை சுமந்த தோள். எங்கள் எல்லாரையும் விட வேகமாக நடப்பார். சாகாவில் இறங்கிய அன்று மாலை அவருக்குத் தலைவலி. கஞ்சியைக்கூடத் தள்ளி வைத்தார். நான் கேட்டதற்கு, “மாப்பிள்ளை, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. சொன்னா கீழே அனுப்பிடுவாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு சாமியப் பார்க்காம எப்படித் திரும்புறது?” என்றார். நானும் சொல்லவில்லை. படித்தவன், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் மானசரோவரில் வாளியில் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொண்டோம். இரவு அவருக்கு இருமல் கண்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் வெளியே போனவர் குடித்தவரைப் போலத் தள்ளாடினார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியவில்லை. அப்போதுதான் நான் வழிகாட்டியை எழுப்பினேன். அந்த நேப்பாளி இளைஞர் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் மச்சான் பக்கவாட்டில் சாய்ந்தார். அதற்குமேல் அவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. முகத்தில் பிராணவாயு, வாயில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, வாசலில் வண்டி. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓட்டி, 3,900 மீட்டரில் உள்ள தக்லாகோட்டில் இறக்கினார்கள். அங்கே மருத்துவமனையில் ஓரிரவு. பிறகு ஹில்சா எல்லை, அங்கிருந்து ஹெலிகாப்டரில் சிமிகோட், சிமிகோட்டிலிருந்து சமவெளியில் இருக்கும் நேப்பாள்கஞ்ச். கீழே வரவர மனிதருக்கு உயிர் திரும்பியது. நேப்பாள்கஞ்சில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே இட்லி கிடைக்குமா என்று கேட்டார்.

நானும் அவரோடு இறங்கிவிட்டேன். ஊரார் நேர்ந்து கொடுத்தனுப்பிய சிறு முடிச்சுகளை மற்றவர்களிடம் ஒப்படைத்தோம். ஊர் திரும்பிய பின் அவர் பல மாதம் கோயில் முன்மண்டபத்தில் உட்காரவே இல்லை. பக்தி குறைந்ததால் சாமி திருப்பி அனுப்பிவிட்டார் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அப்படிச் சொன்னவருக்குப் பெரியபுராணத்தை நினைவூட்ட விரும்புகிறேன். திருநாவுக்கரசர் முதிர்ந்த வயதில் கயிலை நோக்கி நடந்தார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடம்பால் உருண்டும் போனார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொன்னபோது அவரும் முதலில் மறுத்தார். கடைசியில் இறைவன் காட்டிய பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது அங்கே, காவிரிச் சமவெளியில். அப்பர் பெருமானுக்கே அப்படி என்றால் சபாக்கிலிருந்து போன நமக்கு என்ன குறை?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உயரம் ஏறிய முதல் நாளில் தலைவலியோடு, பசியின்மை, குமட்டல், அசதி, தலைச்சுற்றல் இவற்றுள் ஒன்று சேர்ந்தால் அதை மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பயணக் களைப்பு, வாயு, பித்தம் என்று நாமே பெயர் சூட்டக் கூடாது. இந்த நிலையில் அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் பெரும்பாலும் சரியாகும். தலைவலிக்குப் பாராசித்தமால் போடலாம். ஆனால் குணமாகும்வரை ஓர் அடியும் மேலே ஏறக் கூடாது. ஓய்விலும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். தள்ளாட்டமோ உளறலோ கண்டால் மூளை வீங்குகிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இவ்விரண்டும் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்லக்கூடியவை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீழே இறங்குவதே மருந்து. மற்ற மருந்தெல்லாம் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை.

பக்தர்களுக்கு இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் உண்டு. மலையேறுவோர் மெல்ல ஏறுவார்கள். நாமோ திதியும் நட்சத்திரமும் பார்த்து ஓடுகிறோம். நேப்பாளத்தில் 4,380 மீட்டர் உயரத்தில் கோசாயிகுண்டம் என்ற சிவதீர்த்தம் உள்ளது. ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி மக்கள் ஓரிரு நாளில் அங்கே ஏறுகிறார்கள். அங்கே மருத்துவர்கள் பக்தர்களைச் சோதித்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலை நோய் இருந்தது. இந்திய அரசு தன் குடிமக்களுக்காக 1981 முதல் லிப்புலேக் வழியாக நடத்தும் யாத்திரையில் 70 வயதுக்கு மேல் அனுமதி இல்லை. டில்லியில் மருத்துவச் சோதனை, பாதி வழியில் குஞ்சியில் மறுபடியும் சோதனை. அங்கே தேறாதவர் எவ்வளவு அழுதாலும் திரும்ப வேண்டியதுதான். காத்மாண்டு வழியாகச் செல்லும் நமக்கு அப்படித் தடுத்து நிறுத்துவார் இல்லை. நம்மை நாமே தடுத்துக்கொள்ள வேண்டும்.

பயணத் திட்டம் வாங்கியதும் ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரத்தைக் குறித்துப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு. கயிலைப் பாதையில் இதை முழுவதும் கடைப்பிடிக்க முடியாது. அதனால்தான் கேரோங்கில் கூடுதல் இரவு அவசியம். ஹெலிகாப்டரில் போனால் சுலபம் என்று சிலர் கேட்கிறார்கள். நேப்பாள்கஞ்சிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 2,900 மீட்டர் சிமிகோட்டில் போய் இறங்குவது காலுக்குச் சுலபம், நெஞ்சுக்கு அல்ல. வானிலை கெட்டால் அங்கேயே கிடக்கவும் நேரும். 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் அப்படிச் சிக்கிக்கொண்டார்கள்.

அசிட்டசோலமைட் என்ற மாத்திரை, கடைப்பெயர் டயமாக்ஸ், உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்பா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தூக்க மாத்திரை வேண்டாம். மது வேண்டாம் என்று யாத்திரிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல ஒரு குளிர்ச்சி தோன்றும். இரத்தத்தில் பிராணவாயு ஒரு சொட்டும் கூடாது. சிலர் வாயில் போட்டுக்கொள்கிறார்கள், அது நஞ்சு. கற்பூரம் ஆரத்திக்கு இருக்கட்டும்.

விரதம் பற்றி அம்மாமார்கள் கோபிக்கக் கூடாது. பிரதோஷமானாலும் ஏகாதசியானாலும் அந்த உயரத்தில் வெறும் வயிற்றில் இருப்பது ஆபத்து. பசிக்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, ரொட்டி, மைலோ உள்ளே போக வேண்டும். (அங்கே தண்ணீர் 85 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அழுத்தச் சட்டி இல்லாமல் சோறு வேகாது. பழைய மாணவர்களுக்குப் பாடம் நினைவிருக்கும்.) கழிவறை வசதி மோசம் என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தவறு. குழுவில் நான்கு பேர் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டுவது எளிய வழி.

இனிப்புநீர் உள்ளவர்கள் இன்சுலினை உறையாதபடி சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவி குளிரில் தவறாகக் காட்டலாம். இருதய அறுவை செய்தவர்கள், மூச்சு நோய் உள்ளவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் உயரத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும். “மலைக்குப் போகிறேன்” என்றால் அவர் கேமரனை நினைத்துக்கொள்வார். பயணக் காப்புறுதியில் எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். மச்சானுக்கு அது இல்லாததால் குடும்பமே சேர்ந்து கட்டிய கடனை அண்மையில்தான் முடித்தோம்.

கயிலை இயலாதவர்களுக்கு நேப்பாளத்திலேயே முக்திநாத் இருக்கிறது. 108 திவ்விய தேசங்களுள் ஒன்று, ஏறத்தாழ 3,700 மீட்டர். 2023-இல் மருத்துவர் அனுமதியோடு மச்சானை அங்கே அழைத்துப் போனேன். 2,700 மீட்டர் ஜோம்சோமில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் காலை ஜீப்பில் ஏறினோம். 108 தாரைகளில் இருபதோ என்னவோ தாண்டியிருப்பார். ஈரத் தலையோடு என்னிடம் வந்து, “மாப்பிள்ளை, தலை லேசா வலிக்குது” என்றார். சந்நிதியில் கும்பிட்டுவிட்டு உடனே வண்டியைப் பிடித்தோம். மதியச் சாப்பாடு ஜோம்சோமில்தான்.

பெயர் கொடுத்திருக்கும் அன்பர்களுக்கான மருத்துவப் படிவம் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. மருத்துவர் கையெழுத்தோடு கொண்டுவந்தால் திட்டத்தின் உயரக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து நானே சரிபார்த்துத் தருகிறேன்.