ஹாலே நகரிற் கிடந்த கொன்றைவேந்தன்

ஜேர்மானிய மெய்யியல் என்றவுடன் காண்ட், ஹெகல் முதலியோர் பெயர்கள் நினைவில் எழுகின்றன. நோர்வூட்டுத் தேயிலை மலைகளிடையே தமிழ் கற்பிக்கும் எமக்கு அவர்களோடு என்ன தொடர்பென மாணவர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அது நம் சிறுவர் முதல் வகுப்புகளில் ஒப்புவிக்கும் கொன்றைவேந்தனிலிருந்தே தொடங்குகின்றது.

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் பயின்றவர். 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றையும் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். அவ்வாண்டிலேயே 119 தமிழ் நூல்களுக்கு விளக்க அட்டவணையும் வரைந்தார். திருக்குறளும் அவற்றுள் ஒன்று. கிறித்தவ வேதத்தை அறியாத மக்களும் அறத்தைத் தெளிய உணர்ந்திருந்தனர் என்பதை ஐரோப்பியர் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

அவர் எழுதியவை அவருக்கு ஆதரவளித்த ஹாலே நகரை நோக்கிச் சென்றன. ஆங்குத் தலைமை வகித்த பிராங்கே என்பாரோ வேறு எண்ணமுடையவர். தொண்டர் சென்றது புறச்சமயத்தை ஒழித்தற்கேயன்றி அதனை ஐரோப்பாவிற் பரப்புதற்கன்று என்பது அவர் நிலை. ஆகவே, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஐயர் 1713இல் எழுதிய பெருநூல் 1867இலேதான் சென்னையில் அச்சேறியது. நீதிநூல்கள் மூன்றும் 1930 வரை காத்திருந்தன. அவற்றை ஆம்ஸ்டர்டாமிற் பதிப்பித்தவர் காலண்ட் என்னும் ஒல்லாந்த அறிஞர்.

அதே ஹாலேயின் பல்கலைக்கழகத்தில், 1721 ஜூலை 12ஆம் நாள், கிறித்தியன் வுல்ஃப் என்னும் பேராசிரியர் சீனரது அறவியலைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். வேதவெளிப்பாடு இன்றியே, இயற்கை அறிவொன்றினால் அறநெறி கைகூடும் என்பதற்குக் கன்பூசியசைச் சான்று காட்டினார். பிராங்கேயைச் சார்ந்த இறையியலார் கொதித்தெழுந்தனர். 1723இல், 48 மணி நேரத்துள் நாட்டை நீங்காவிடின் தூக்கு என்று அரசாணை பிறந்தது! 1740இலேதான் வுல்ஃப் ஹாலேக்கு மீண்டார். அவர் மரபில் எழுந்த பாடநூல்களைக் கொண்டே காண்ட் பின்னர் மாணவர்க்குக் கற்பித்தார். அறத்தின் ஆணை புறத்திருந்து வருவதன்று, அறிவினுள்ளேயே பிறப்பது என 1785இல் நிலைநாட்டினார்.

சீன அறம் அவையேறத் தமிழறம் பேழையுள் உறங்கியது ஏன்? தரத்தில் உயர்வு தாழ்வு காரணமன்று. கன்பூசியசின் நூல்கள் 1711இல் இலத்தீனில் அச்சாகி வுல்ஃபின் கைக்கு எட்டியிருந்தன. கொன்றைவேந்தன் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. இதுவே எமது துணிபு. (தமிழர் எழுதிய கடிதங்கள் சில 1714 முதல் ஹாலேயில் வெளிவந்தன என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை.)

ஒரு நூற்றாண்டு கழித்து, மெய்யியல் கிரேக்கத்திலேயே தொடங்குகின்றதென ஹெகல் தம் விரிவுரைகளில் வரையறுத்தார். அதனை இயல்பான உண்மையென்றே பலரும் கொண்டனர். ஆயின், கீழ்நாடுகளை மெய்யியல் வரலாற்றினின்று விலக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தலைதூக்கிற்று எனப் பீட்டர் பார்க் 2013இல் வெளியிட்ட நூலிற் காட்டியுள்ளார். அதற்கு முந்திய ஆண்டிற்றான், சீகன்பால்கு ஐயரின் நூல் அட்டவணையைச் சுவீற்மன், இலக்குவன் ஆகிய இருவரும் ஆய்ந்து புதுச்சேரியிலிருந்து வெளியிட்டனர்.

நூலுக்கு நேரும் கதி அறிஞர் அவைக்கும் நேர்வதுண்டு. காண்ட் பிறந்து 300 ஆண்டு நிறைந்த 2024இல், உலகக் காண்ட் பேரவையை அவர் பிறந்த ஊரிலேயே கூட்டக் கருதியிருந்தனர். அவ்வூர் இன்று ருசியாவிலுள்ள கலினின்கிராட். உக்ரேன் போர் மூண்டமையால் பேரவை பொன் நகரிற் கூடியது.

நம் மலைநாட்டுப் பாடல்களுட் பல, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தமையால் அச்சேறின. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் எழுதப்பெற்ற கொப்பிகள் இன்னும் எத்தனை லயக் காம்பிராக்களின் தகரப் பெட்டிகளில் உள்ளனவோ! பழைய மாணவர் எவரிடமேனும் அத்தகையது இருப்பின், பெட்டியைத் திறந்து பார்த்து எமக்கு ஒரு வரி எழுதுக. படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பியனுப்புவோம்.