கடற்புரத்திலிருந்து கடல் கடந்து: சிறு மின்னணுப் பொருள் வாணிபம்

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், வள்ளியாறு கடலொடு கலக்கும் பகுதியை அடுத்து அமைந்திருப்பது கடியப்பட்டணம். மீன்பிடித் தொழிலே இவ்வூரின் உயிர்நாடி. ஆயினும், அண்மைக் காலத்தில் இக்கடற்புரத்தில் வேறொரு திறனும் வளர்ந்துள்ளது. இன்று பைபர் வள்ளங்களில் ஜி.பி.எஸ். கருவி, எக்கோ சவுண்டர், வயர்லெஸ் ஆகியவை இடம்பெற்றுள்ளன. உப்புக் காற்றில் இவை பழுதுற்றால், அவற்றைப் பிரித்துப் பார்த்துச் செப்பனிடும் இளைஞர்கள் கரையிலேயே உருவாகிவிட்டனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் நம் மீனவர் பலரை வாரிக்கொண்டு சென்றபின், கடலில் செய்தித் தொடர்பு எத்துணை அவசியம் என்பதை எவருக்கும் எடுத்துரைக்கத் தேவையில்லை.

இத்திறனைக் கொண்டு கிராமத்திலிருந்தவாறே ஒரு சிறு தொழில் நடத்த இயலுமா? மின்னணுக் கருவிகளைப் பொழுதுபோக்காகச் செய்து பார்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுக்கு வேண்டிய உறுப்புகளையும் தொகுப்புகளையும் இணையக் கடை வழியே விற்பதே இத்தொழில். இதன் நடைமுறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முன்மாதிரிகள்

அமெரிக்காவில் நேதன் சைடில் என்பவர் 2003ஆம் ஆண்டில், கல்லூரி மாணவராக இருந்தபோதே, ஸ்பார்க்ஃபன் என்னும் இத்தகைய கடையைத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டில் லிமோர் ஃப்ரைட் என்னும் பொறியியல் பட்டதாரிப் பெண்மணி அடாஃப்ரூட் என்னும் நிலையத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ என்னும் எளிய கட்டுப்பாட்டுப் பலகை தோன்றியது. 2012ஆம் ஆண்டில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி விற்பனைக்கு வந்தது. இவற்றின் பயனாக, பள்ளி மாணவர் முதல் ஓய்வுபெற்ற முதியவர் வரை பலரும் தாமே கருவி செய்யத் தலைப்பட்டனர்.

நம் மாவட்டத்திற்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த ரேந்தைப் பின்னல் கடல் கடந்து விலைபோயிற்று. அதன் இயல்பு யாது? பொருள் சிறிது, எடை குறைவு, கைத்திறன் மிகுதி. மின்னணுத் தொகுப்பிற்கும் இதே இலக்கணம் பொருந்தும்.

எதை விற்பது?

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. எனக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். கடற்புர இளைஞர் ஒருவர் கடனுதவி கோரி என்னிடம் வந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து நானே பரிந்துரை செய்தேன். கிடைத்த தொகை முழுவதற்கும் அவர் நூற்றுக்கணக்கான வகை உறுப்புகளை வாங்கி அடுக்கினார். அதே பொருள்களைப் பெருநகர வணிகர் மொத்தமாக வாங்கி, அவரினும் மலிவாக விற்றனர். ஒரு மழைக்காலம் கழிந்தது. அட்டைப் பெட்டிகளிலிருந்த உறுப்புகளின் கால்கள் உப்புக் காற்றால் களிம்பேறி, ஈயப் பற்று ஒட்டாதவையாயின. தவணை தவறியது. அவருடைய தாயாரின் நகை அடகுக்குச் சென்றது. என்ன விற்கப்போகிறீர், யாருக்கு விற்கப்போகிறீர் என்று முதலிலேயே நான் வினவியிருத்தல் வேண்டும். அந்தக் குறை என்னுடையது.

பின்னர் அவ்விளைஞர் வழியை மாற்றிக்கொண்டார். வள்ளத்தின் அடித்தட்டில் நீர் சேர்ந்தால் மணியொலி எழுப்பும் சிறு கருவி ஒன்றை அவர் தம் தந்தைக்காகச் செய்திருந்தார். அதனையே உறுப்புகள், சர்க்யூட் பலகை, செய்முறை விளக்கம் ஆகியவை அடங்கிய தொகுப்பாக்கினார். அதனை வாங்குவோருக்குக் கடலில் சோதித்த அனுபவமும் உடன் கிடைக்கிறது. பெருநகர வணிகரிடம் இல்லாத சரக்கு அதுவே. நாஞ்சில் நாட்டு விவசாயிகளின் புதல்வர்களும் மண்ணின் ஈரம் அறியும் கருவி, தொட்டியில் நீர்மட்டம் காட்டும் கருவி ஆகியவற்றை இவ்வாறே தம் வயலில் சோதித்து விற்கலாம். ஆகவே, பல சரக்கு வேண்டா. நன்கு அறிந்த இரண்டு அல்லது மூன்று தொகுப்புகளே போதும்.

பாதுகாத்தலும் கட்டுதலும்

கடற்கரைக் கிராமத்தில் உறுப்புகளைத் திறந்து வைத்தல் ஆகாது. காற்றுப் புகாத டப்பாக்களில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தல் வேண்டும். மின்னணுச் சில்லுகள் உடலிலுள்ள நிலைமின்சாரத்தாலும் கெடும். ஆதலால் நிலைமின் தடுப்பு உறைகளையே பயன்படுத்துக. உறுப்புகளை எண்ணி இடுவதை ஒருவரும், சரிபார்ப்பதை மற்றொருவரும் செய்தல் நலம். ஐம்பது காசு பெறும் ரெசிஸ்டர் ஒன்று குறைந்துவிட்டால், அதனை அயல்நாட்டிற்கு மீண்டும் அனுப்பும் அஞ்சற் கட்டணம் தொகுப்பின் இலாபத்தை விழுங்கிவிடும்.

சட்டப்படியான ஏற்பாடுகள்

1. உத்யம் பதிவு: 2020 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இப்பதிவிற்குக் கட்டணம் இல்லை.

2. ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்: அயல்நாட்டு வாணிப இயக்ககத்திடம் இணையவழி பெறுதல் வேண்டும். கட்டணம் ரூ. 500. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை உறுதிப்படுத்தத் தவறலாகாது.

3. சரக்கு-சேவை வரிப் பதிவு: ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம். எனினும், வரி செலுத்தாமல் அனுப்புவதற்குரிய உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டிலும் தாக்கல் செய்தல் வேண்டும்.

4. வங்கிக் கணக்கு: தொழிலுக்கெனத் தனிக் கணக்கு வேண்டும். அயல்நாட்டுப் பணத்தை அனுமதி பெற்ற வழியிலேயே பெறுதல் வேண்டும்.

அனுப்பும் வழி

சிறு ஏற்றுமதியாளருக்கென அஞ்சல் துறை 2022ஆம் ஆண்டில் அஞ்சலக ஏற்றுமதி மையங்களைத் தொடங்கியது. நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் அமைந்துள்ளன. சுங்க ஆவணத்தை இணையவழி நிரப்பிவிட்டுப் பொதியை மையத்தில் ஒப்படைக்கலாம். அருகிலுள்ள மையம் எது என்பதைத் தலைமை அஞ்சலகத்தில் விசாரித்தறிக.

சுங்கப் படிவத்தில் பொருளின் பெயர், எடை, உண்மையான விலை, பொருட் குறியீட்டு எண் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதுக. மின்னணு உறுப்புகள் பெரும்பாலும் 85ஆம் அத்தியாயத்தில் அடங்கும். எடுத்துக்காட்டாக, அச்சிட்ட சர்க்யூட் பலகைக்கு 8534. வாங்குவோர் வேண்டினாலும் விலையைக் குறைத்தோ, ‘அன்பளிப்பு’ என்றோ எழுதுவது குற்றம்.

சிலவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும். லித்தியம் மின்கலத்தைத் தனியே வான்வழி அஞ்சலில் அனுப்புதல் கூடாது. அது தீப்பற்றும் இயல்புடையது. ஆகவே தொகுப்பை மின்கலமின்றியே விற்கலாம். வானொலி அலை பரப்பும் கருவிகளுக்கு நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் தனி அனுமதி தேவை. போர்த் தொழிலுக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.

அயல்நாட்டு விதிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. நாம் வழக்கமாகக் கையாளும் ஈயம் கலந்த பற்று சுமார் 183 டிகிரியில் உருகும். ஈயமற்ற பற்றுக்குச் சுமார் 217 டிகிரி வேண்டும். இதற்கு வேறு பயிற்சி அவசியம். 2021 ஜூலை 1 முதல் அங்குச் செல்லும் சிறு பொதிகளுக்கும் வரி உண்டு. 2024 டிசம்பர் 13 முதல், நுகர்வோர் பொருளுக்கு அவ்வொன்றியத்தினுள் ஒரு பொறுப்பாளர் இருத்தல் வேண்டும். இவற்றை நிறைவேற்ற இயலாதவர் அந்நாடுகளின் பெயரை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நேர்மை.

விதிகள் திடீரென மாறுவதும் உண்டு. 800 டாலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு அளித்துவந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. அதனையொட்டி ஆகஸ்ட் 25 முதல் நம் அஞ்சல் துறை அந்நாட்டிற்குப் பெரும்பாலான பொதிகளை ஏற்கவில்லை. அக்டோபர் 15 அன்றுதான் சேவை முழுமையாக மீண்டது. அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்தோர் ஏழு வாரம் கைகட்டி நிற்க நேர்ந்தது. ஒரே வலையை நம்பிக் கடலுக்குச் செல்லலாகாது என்பது மீனவர் அறிந்த பாடமே.

கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு தொகுப்பின் விலை ரூ. 900 எனக் கொள்வோம். அஞ்சற் கட்டணத்தை வாங்குவோர் தனியே செலுத்துகிறார்.

உறுப்புகள், பலகை: ரூ. 220
உறை, அச்சு: ரூ. 30
கூலி: ரூ. 50
பணம் பெறும் கட்டணம்: ரூ. 45
தொலைந்த பொதிக்கு ஒதுக்கீடு: ரூ. 90
மொத்தம்: ரூ. 435
எஞ்சுவது: ரூ. 465

இணையம், கடைப் பக்கம், கணக்கெழுதுதல் ஆகியவற்றிற்கு மாதம் ரூ. 2,700 ஆகுமெனில், ஐந்து தொகுப்பு விற்றால் நஷ்டம். ஆறு விற்றால்தான் செலவு ஈடாகும். ஏழாவதிலிருந்தே குறிப்பிடத்தக்க இலாபம். தம்முடைய கூலியையும் செலவில் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். முதற்கண் இருபது தொகுப்பிற்கான உறுப்புகளை மட்டும் வாங்குக. அவை விற்ற பணத்தில் அடுத்த இருபதை வாங்குக. கடன் தேவைப்படின், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ. 50,000 வரை பெறலாம். ஆனால் முதல் இருபது விற்றபின் கடனை நாடுவதே அறிவுடைமை.

ஊராட்சியின் கடமை

ஊராட்சிகள் இதில் ஆற்றக்கூடிய பணிகள் எளியவை. கிராம சபைக் கூட்டத்தில் இத்தொழிலைப் பற்றி எடுத்துரைக்கலாம். மின்சாரமும் இணையமும் உள்ள பொதுக் கட்டிடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, சால்டரிங் மேசையும் அளவு மானியும் பொதுவில் வைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் பிரித்து எண்ணி உறையிடும் பணியை ஏற்கலாம். அஞ்சலக அதிகாரியை ஒருநாள் அழைத்து ஆவணப் பயிற்சி அளிக்கலாம்.

இத்தொழில் ஓர் ஊர் முழுவதையும் செல்வத்தில் ஆழ்த்திவிடும் என்று நான் கூறவில்லை. வளைகுடா நாடுகளுக்குப் புறப்படக் காத்திருக்கும் இளைஞருள் ஓரிருவராவது தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே உழைத்து வாழ வழி உண்டு என்பதே என் துணிபு. மேற்கூறிய இளைஞர் தாயாரின் நகையை மீட்டுவிட்டார். இன்று கடன் விண்ணப்பத்துடன் வருவோரிடம் நான் கேட்கும் முதற் கேள்வி: ‘நீங்களே செய்து, நீங்களே பயன்படுத்திப் பார்த்த பொருள் எது?’ அதற்கு விடை உடையவர் துணிந்து தொடங்கலாம்.