ஆற்றுக்கு அந்தக் கரை

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் செய்தாள். ஜூலையில் குடும்பத்தோடு சென்னையில் கப்பல் ஏறி இலங்கை வரைக்கும் போய் வருகிறீர்களாமே. ரொம்ப சந்தோஷம். 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா சொகுசுக் கப்பலைத் தொடங்கி வைத்தபோது, நம் வீட்டிலிருந்து ஒருநாள் யாராவது அதில் போவார்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பேச்சோடு பேச்சாக, "நடுக்கடலுக்குப் போயிட்டா 18 ஆனாலே குடிக்கலாமாம்க்கா, இப்பவே கேட்டுட்டு இருக்கறான்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. போனில் பேசித் தீர்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உனக்கு 19 முடிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. இலங்கையிலும் 21தான், 2006-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டம் அது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைக்கும் நம் நாட்டுக் கடல். அதைத் தாண்டிவிட்டால் எந்தச் சட்டமும் கிடையாது என்று உன் சிநேகிதர்கள் சொல்லியிருப்பார்கள். அது தப்பு. கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் கப்பலோடு கூடவே வரும். அதற்கு மேல் கம்பெனி வைத்த விதி ஒன்று இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது படிக்காமலே சம்மதம் என்று தட்டிவிடுகிறோமே, அந்த நிபந்தனைகளுக்குள் வயதையும் எழுதியிருப்பார்கள். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் பொதுவாக 21. அதே கம்பெனியின் கப்பல் ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் 18. கூடவே பயணம் செய்யும் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 18 ஆன பிள்ளைகளுக்கு பீர், ஒயின் மட்டும் தரும் கம்பெனியும் உண்டு. ஆகவே யார் சொன்னதையும் நம்பாதே. உங்கள் கப்பல் கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேள்.

கரையிலும் இதே கதைதான். புதுச்சேரியில் 18, கோவாவில் 18, கேரளாவில் 2017 முதல் 23, மகாராஷ்டிராவில் பிராந்தி விஸ்கிக்கு 25. ஆளும் ஒன்று, குடலும் ஒன்று, ஊருக்கு ஊர் வயது மட்டும் வேறா என்று நீ கேட்பாய். நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. உன் தாத்தா சொன்னது.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜி முதல்வராக இருந்தபோது, மதராஸ் மாகாணத்திலேயே முதன்முதலாக நம் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கு வந்தது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த மனிதர் அவர். புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார்; எழுத்தாளர் கல்கியும் கூடவே இருந்து எழுதினார். அப்போது நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லாதான். நம் பூர்வீகமான பள்ளிபாளையமும் அதில் சேர்த்தி. ஆனால் காவிரியைத் தாண்டினால் ஈரோடு, அது கோயமுத்தூர் ஜில்லா. அங்கே கள்ளுக்கடை திறந்தே இருந்தது.

என் தாத்தா தறி நெய்தவர். வாரக்கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகிறவர். கடை மூடிய முதல் வாரம் கூலி முழுசாக வீட்டுக்கு வந்ததாம். கொள்ளுப்பாட்டி அன்றைக்கு நெல்லுச்சோறு ஆக்கியதைத் தொண்ணூறு வயது நெருங்கும்வரை உன் தாத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். கடை மூடியபோது அவருக்குப் பத்து வயது. நாலைந்து வாரம் போனதும் என் தாத்தா ஆற்றைத் தாண்ட ஆரம்பித்தார். அந்தக் கரையில் குற்றமில்லை, இந்தக் கரையில் குற்றம். உன் தாத்தா லாந்தரை எடுத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருப்பாராம், அப்பா எந்தப் பரிசலில் வருகிறார் என்று பார்த்தபடி. தண்ணீரில் துடுப்புச் சத்தம் கேட்டாலே அடிவயிறு கலங்கும் என்பார். நீ "நடுக்கடல்" என்று கேட்டதும் எனக்கு அந்தப் படித்துறைதான் ஞாபகம் வந்தது.

எல்லை தாண்டிக் குடிப்பதில் பெரிய ஆபத்து, திரும்பி வருகிற வழியில் இருக்கிறது. அமெரிக்காக்காரர்கள் அதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 1970-களில் பல மாநிலங்கள் வயதைக் குறைத்தன, பக்கத்து மாநிலங்கள் குறைக்கவில்லை. பிள்ளைகள் கார் ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, திரும்பும் ரோட்டில் செத்தார்கள். அதனால் 1984-இல், 21 என்று வைக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் பிடித்தம் செய்வோம் என்று சட்டமே போட்டார்கள்.

நான் இங்கே கோர்ட்டில் பெஞ்ச் கிளர்க்காக இருந்தபோது வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகளின் கட்டுகள் என் கைவழியாகத்தான் போகும். புதுச்சேரிக்கு சனிக்கிழமை பைக்கில் போய், ஞாயிறு திரும்பாத ஒரு பையனின் கட்டை இன்னும் மறக்கவில்லை. 19 வயது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வயிற்றில் மது வாடை என்று ஒரு வரி. அந்த ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் தரப்பு வாய்தா வாய்தாவாக வாதாடியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மா வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பாள். என் பையன் தப்பான காரியம் எதுவும் பண்ணலைங்க, அங்க 18 ஆனாப் போதுமாமே என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். சட்டப்படி அவள் சொன்னது சரிதான். எனக்குப் பதில் வரவில்லை.

கப்பலில் பைக் இல்லையே என்பாய். உண்மை. ஆனால் ராத்திரி அலையில் ஆடுகிற தளம் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, கம்பி வேலி இருக்கிறது. தினம் இவ்வளவு ரூபாய், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று பேக்கேஜ் விற்பார்கள். அதை உன் அப்பாவும் வாங்க வேண்டாம். கட்டிய காசு வீணாகக் கூடாது என்றே மனுஷன் குடிப்பான்; நம் கல்யாணப் பந்தியில் பார்க்காததா?

இன்னொன்று, இதைத்தான் நீ முக்கியமாகக் கேட்க வேண்டும். வயது விதி எழுதப்பட்டிருப்பது முதலில் விற்கிறவனுக்கு. விதித்த வயது ஆகாதவனுக்கு ஊற்றிக் கொடுத்தால் மாட்டுவது கிளாஸை நீட்டுகிற சர்வர். மாசக்கணக்காக வீட்டைப் பார்க்காமல் கப்பலிலேயே கிடந்து, ஊருக்குப் பணம் அனுப்புகிற பிள்ளையாக இருப்பான், உன்னைவிட நாலைந்து வயசு பெரியவனாக. நீ உன் அண்ணனின் அட்டையைக் காட்டி ஒரு பீர் வாங்கினால் உனக்கு அது ஒரு விளையாட்டு. அவனுக்கு வேலை போய்விடும். கேபின் அட்டையிலேயே பிறந்த தேதி பதிந்திருப்பார்கள், எப்படியும் தெரிந்துவிடும். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அவனுக்காகப் பொய் சொல்லாதே.

நீ வாழ்நாள் முழுக்கக் குடிக்கக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்க மாட்டேன். சத்தியம் வாங்கிய பிள்ளைகள் ஒளிந்து குடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒளிந்து குடிக்கிறவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பக்கத்தில் ஆள் இருக்காது. 21-க்குப் பிறகு உன் முடிவு உன்னுடையது. அப்போதும் வெறும் வயிற்றில் வேண்டாம், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம், உன் அம்மாவிடம் மறைத்தும் வேண்டாம். இந்தப் பயணத்தில் வேண்டவே வேண்டாம். ஒருவேளை உங்கள் கப்பலில் பெற்றவர் கையெழுத்துக்கு இடமிருந்தாலும், உன் அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்காதே. நீ கேட்டால் அவர் மறுக்க மாட்டார். போட்டுவிட்டு ராத்திரியெல்லாம் தூங்கவும் மாட்டார்.

கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதில் வந்ததும் எனக்கும் அனுப்பு, நானும் படித்துப் பார்க்கிறேன். மேல் தளத்தில் ராத்திரிக் காற்று பலமாக அடிக்குமாம், உன் அம்மாவுக்குச் சளி பிடிக்கும். அவளுடைய கம்பளிச் சால்வை இங்கே என் பீரோவில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வந்து எடுத்துப் போ. ரவுண்டானாவில் இறங்கி போன் பண்ணு, நான் நடந்தே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா