அக்கியும் கண் அழுத்தமும்

நெற்றியில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் தோன்றினால், மண்பாண்டம் செய்வோரிடம் சென்று காவிமண்ணால் ‘அக்கி எழுதி’ வருவது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கம். சென்னீர்குப்பம், பூந்தமல்லி பகுதிகளிலிருந்து வரும் அன்பர்கள் சிலரும் அவ்வாறு சில நாள்கள் காத்திருந்த பின்னரே எம்மிடம் வருகின்றனர். காவி குளிர்ச்சி தரலாம். வைரஸ் கண்ணைத் தாக்குவதை அது தடுக்காது.

அழுத்தம் ஏன் உயர்கிறது?

சின்னம்மையை உண்டாக்கிய வைரஸ், நோய் ஆறிய பின்னும் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குறையும்போதோ அது விழித்து அக்கியாக வெளிப்படும். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸும் இவ்வாறே கண்ணைத் தாக்கக்கூடும்.

கண்ணுக்குள் ஊறும் நீர், கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியே வடிகிறது. வைரஸ் தாக்கத்தால் அச்சல்லடை வீங்கி, அழற்சிச் செல்களால் அடைபடும்போது அழுத்தம் ஏறுகிறது. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் அழுத்தம் 40-ஐயும் கடக்கலாம். அது நீடித்தால் பார்வை நரம்பு நலியும்; அதனால் இழந்த பார்வை மீளாது.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• மூக்கின் நுனியில் கொப்புளம் (அவ்விடத்திற்கும் கண்ணுக்கும் செல்வது ஒரே நரம்பின் கிளைகள்)
• ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு, வலி, கூச்சம்
• பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம்

அக்கி தோன்றிய 72 மணி நேரத்திற்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது சிறந்தது. காலம் கடந்திருப்பினும் வரத் தயங்க வேண்டா.

சிகிச்சையில் கவனம்

வைரஸ் எதிர்ப்பு மருந்தும், அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தும், தேவையெனில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் தரப்படும். ஸ்டீராய்டு இருமுனைக் கத்தி போன்றது: அழற்சியைத் தணிக்கும், தவறாகப் பயன்படுத்தினால் கருவிழிப் புண்ணைப் பெருக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். அதனை மருந்துக் கடையில் தாமாக வாங்கவும் கூடாது. மருத்துவர் தந்ததைத் திடீரென நிறுத்தவும் கூடாது. ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, சல்ஃபா ஒவ்வாமை உள்ளோர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். சில அழுத்த மருந்துகள் அவர்களுக்கு ஆகா.

நோய் திரும்புமா?

திரும்பலாம். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் கண் நோய் பற்றி 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஓராண்டு அசைக்ளோவிர் மாத்திரை உட்கொண்டோரில் 19 சதவீதத்தினருக்கே நோய் திரும்பியது. மருந்தற்ற மாத்திரை பெற்றோரில் அது 32 சதவீதம்.

உடனிருந்து பேணுவோருக்கு ஒரு வேண்டுகோள்: சிவப்பு மறைந்ததும் நோய் நீங்கியதாகக் கருதாதீர்கள். வலியே இன்றியும் அழுத்தம் உயர்ந்திருக்கலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும். குறித்த நாளில் அவரைத் தவறாமல் அழைத்து வாருங்கள்.