வாடகைக் கணினி: அளவறிந்து அமர்த்தும் முறை

கிராமங்களில் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் பலர் இன்று தாமே சிறு மென்பொருள்களை எழுதி வருகின்றனர். பால் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதற் கணக்கு, மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கு முதலியன இவ்வாறு கைப்பேசிக்கு வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் மென்பொருளை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. அஃது இரவும் பகலும் இயங்குவதற்கு ஒரு கணினி வேண்டும். அதனை எவ்வளவு வாடகைக்கு, எவ்வாறு அமர்த்துவது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கிளவுட் என்பது யாது?

கிளவுட் என்றால் மேகம் என்பது பொருள். ஆயினும் வானத்தில் இருப்பது ஒன்றுமில்லை. பெரு நிறுவனங்கள் பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை நிறுவி, அவற்றின் திறனைப் பங்கு பிரித்து வாடகைக்கு விடுகின்றன. டிராக்டர் வாங்க இயலாத குடியானவர் அதனை மணிக்கணக்கில் அமர்த்தி உழுவது போன்றதே இது. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இத்தொழிலைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும், டிஜிட்டல் ஓஷன் அதே ஆண்டில் பெங்களூரிலும் நிலையங்களை அமைத்தன. நம் நாட்டு நிலையத்தைத் தேர்ந்தெடுத்தால் தொலைவு குறைந்து விடை விரைவில் வரும்.

தேவையை அளத்தல்

வாடகை பேசுமுன் தேவையை அளத்தல் வேண்டும். 200 உறுப்பினர் உள்ள ஒரு பால் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் சேர்ந்து நாளொன்றுக்கு 400 பதிவுகள். ஒரு பதிவுக்கு 200 பைட் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 80,000 பைட். ஓராண்டுக்கு 30 மெகாபைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் பத்துப் புகைப்படங்களின் அளவே இது! ஒரு வேளைக் கொள்முதல் இரண்டு மணி நேரம் நடப்பின் நிமிடத்திற்கு இரண்டு பதிவுகூட வாரா. இதற்கு ஒரு கிகாபைட் நினைவகமும் 25 கிகாபைட் சேமிப்பிடமும் உள்ள மிகச் சிறிய கணினியே சாலப் போதும். கட்டணமின்றிக் கிடைக்கும் எஸ்கியூலைட் போன்ற தரவுதள மென்பொருள் இவ்வளவு வேலையை எளிதில் தாங்கும். பின்னர் உறுப்பினர் பெருகினால் பெரிய கணினிக்கு மாறிக்கொள்ளலாம்.

வாடகையும் பிற செலவும்

இத்தகைய சிறு கணினிக்குப் பல நிறுவனங்கள் மாதம் 5 முதல் 7 டாலர் வரை வாங்குகின்றன. ஆனால் விளம்பரத்திற் காணும் தொகை முழுச் செலவன்று. அமர்த்துவோர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. சரக்கு-சேவை வரி 18 விழுக்காடு. 6 டாலர் வாடகை வரியுடன் 7.08 டாலராகிறது. டாலரிற் கட்டுவதாயின் ரூபாய் மதிப்பின் ஏற்றத்தாழ்வையும் கணக்கிட வேண்டும்.

2. இணைய முகவரிக் கட்டணம். அமேசான் 2024 பிப்ரவரி முதல் பழைய வகைப் பொது முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் விதிக்கிறது. 30 நாளைக்கு இது 3.60 டாலராகும்.

3. வெளிச்செல்லும் தரவுக்கான கட்டணம். மாதந்தோறும் எவ்வளவு இலவசம், அதற்கு மேல் என்ன விலை என்று கேட்டறிதல் வேண்டும்.

4. நிறுத்தி வைத்த கணினிக்கும் வாடகை ஓடுவதுண்டு. தேவையற்ற கணினியை அறவே நீக்கினாலன்றிக் கட்டணம் நில்லாது.

பயன்பாட்டிற்கேற்ப ஏறும் கட்டணத்தைவிட, மாதத்திற்கு இவ்வளவு என்று வரையறுத்த கட்டணமே சிறு சங்கத்திற்கு ஏற்றது. செலவு எச்சரிக்கை வசதி தகவல் மட்டுமே தரும். செலவைத் தானே நிறுத்திவிடும் என்று நம்பலாகாது.

இலவசக் கணினி பழகுவதற்கு நன்று. ஆயின் அது நிலையானதன்று. ஹெரோகு நிறுவனம் பல்லாண்டு நடத்திய இலவசச் சேவையை 2022 நவம்பரில் முடித்துக்கொண்டது.

நகல் எடுத்தல்

2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் கணினிக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் நகல் வைத்திருந்தோர் மீண்டனர். வையாதோர் தம் தரவை இழந்தனர். எனவே நாள்தோறும் இரவில் ஒரு நகல் மற்றொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்திற்குச் செல்லுமாறு அமைத்தல் வேண்டும். வாரம் ஒரு முறை சங்கக் கணினியிலும் ஒரு நகல் இறக்கி வைக்கலாம். 30 மெகாபைட்டுக்கு இதனால் பெருஞ்செலவு நேராது. மாதம் ஒரு முறை அந்நகலிலிருந்து கணக்கைத் திருப்பி எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடுகளையும் நிறுத்தலாகாது.

யார் பெயரில்?

கணினியும் டொமைன் பெயரும் மென்பொருள் எழுதிய இளைஞரின் சொந்தப் பெயரில் இருத்தல் நன்றன்று. அவர் வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிட்டால், அல்லது அவரது வங்கி அட்டை காலாவதியானால், வாடகை நிற்கும். நிறுவனம் முதலில் கணினியை முடக்கி, பின்னர் அழித்தும் விடும். 200 குடும்பங்களின் பால் பணக் கணக்கு அதனோடு போகும். ஆதலின் யாவும் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டுச் சங்கப் பெட்டியில் வைத்தலும், பொறுப்பாளர் மாறும்போது அவற்றை மாற்றுதலும் நலம். அட்டைவழித் தானியங்கிக் கட்டணத்திற்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் கூடுதல் ஒப்புதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆகவே பணம் தானே சென்றுவிட்டதென எண்ணாமல், மாதந்தோறும் பற்றுச்சீட்டைப் பார்த்தல் வேண்டும்.

சிறிய கணினி, வரையறுத்த வாடகை, வேறிடத்தில் நகல், சங்கத்தின் பெயரில் உரிமை: இந்நான்கையும் கடைப்பிடித்தால் மாதம் சில நூறு ரூபாயில் ஒரு சங்கத்தின் கணக்கு செம்மையாக நடைபெறும். மென்பொருள் எழுதும் இளைஞர்களும் சங்க நிர்வாகிகளும் பணம் கட்டுமுன் ஒன்றாக அமர்ந்து இவற்றை எழுத்தில் முடிவு செய்துகொள்வார்களாக.