பெயரைப் பிரித்தால் வாய்ப்பாடு வரும்

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் கேமரன் மலைக்கு, ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் படிவத்தில் படிக்கும் சித்தி மகள் தன் வேதியியல் விடைத்தாளை என் முன் வைத்து, "அண்ணே, இந்தப் பாடத்தையே விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மருந்தியல் படிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள். வேதியியலை விட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

தாளைப் புரட்டினேன். அணைவுச் சேர்மங்களின் பெயரைக் கொடுத்து வாய்ப்பாடு எழுதச் சொன்ன ஆறு கேள்விகளில் ஐந்து தவறு. ஆனால் அவை ஐந்து வகைத் தவறுகள் அல்ல. ஒரே தவறு ஐந்து முறை வந்திருந்தது. நீண்ட பெயரை ஒரே மூச்சில் படித்து, கண்ணில் பட்ட வரிசையில் தனிமங்களை அடுக்கியிருந்தாள்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரிக்கத் தெரிந்தவள். அதே வேலைதான் இது என்றேன். உலோகத்தின் பெயர்தான் பகுதி. அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பவை ஈனிகள், அதாவது உலோகத்துக்கு எதிர்மின்னி இணைகளைத் தந்து பற்றிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளும் அயனிகளும். உலோகப் பெயர் 'ஏட்' என்று முடிந்தால் அது விகுதி. அணைவு எதிர்மின் அயனி என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

(குறியீட்டெழுத்துகளுக்குப் பதிலாகப் பெயர்களையே இங்கு அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக் குறியீடாக மாற்றி எழுதிப் பார்க்கவும்.)

முதல் கணக்கை வாசலிலிருந்தே எடுத்தேன். லயத்துக்கு முன்னால் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்திருந்தது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போய் இதழின் நிறமியோடு அணைவாகச் சேர்வதால் வரும் நீலம் அது. தேயிலையும் அதே அமில மண்ணை விரும்பும் பயிர். அலுமினியத்தை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்து வைப்பது அதன் குணம். அமில நீரில் கரைந்த அலுமினியத்தின் பெயர் ஹெக்சாஅக்குவாஅலுமினியம்(3) அயனி. பகுதி அலுமினியம். 'அக்குவா' என்றால் நீர், 'ஹெக்சா' என்றால் ஆறு. பெயரில் கடைசியில் நிற்கும் உலோகம் வாய்ப்பாட்டில் முதலில் வரும்: [அலுமினியம் (நீர்)6]. நீருக்கு மின்சுமை இல்லை. ஆகவே உலோகத்தின் +3 அப்படியே சதுர அடைப்புக்கு வெளியே, மேலே நிற்கும்.

"இவ்வளவுதானா?" என்றாள். இது சுலபமானது. அவள் வழுக்கி விழுந்த இடம் அடுத்தது: பென்டாஅம்மைன்குளோரிடோகோபால்ட்(3) குளோரைடு. குளோரின் இரண்டு இடத்தில் வருகிறது. அவள் எல்லாக் குளோரினையும் வெளியே தள்ளியிருந்தாள். பிரித்துப் பார்ப்போம். பகுதி கோபால்ட், அதன் ஆக்சிஜனேற்ற எண் +3. அம்மைன் என்பது அம்மோனியா. ஐந்து இருந்தாலும் சுமை சுழியம். ('அம்மைன்' வேறு, 'அமீன்' வேறு. ஒரு 'ம்' விட்டால் சேர்மமே மாறிவிடும்.) 'குளோரிடோ' என்பது உள்ளே பிணைந்த குளோரைடு, சுமை -1, பழைய நூல்களில் இதையே 'குளோரோ' என்று காண்பீர்கள். +3இல் 1 போக அணைவின் சுமை +2. அதைச் சமன்செய்ய வெளியே இரண்டு குளோரைடு வேண்டும்: [கோபால்ட் குளோரின் (அம்மோனியா)5] (குளோரின்)2. வெளியே எத்தனை என்பதைப் பெயர் சொல்வதில்லை. நாம்தான் கணக்குப் போட வேண்டும். மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உள்ளே, வெளியே என்பது வெறும் எழுத்து வழக்கமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. 1893இல் ஆல்ஃபிரெட் வெர்னர் என்ற சுவிஸ் வேதியியலாளர் விடை தேடியதும் இதற்குத்தான். கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மங்களில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினால், ஆறு அம்மோனியா உள்ள மஞ்சள் சேர்மத்தில் மூன்று குளோரைடும் வெள்ளைப் படிவாக விழும். ஐந்து உள்ளதில் இரண்டு மட்டும் விழும், நான்கு உள்ள பச்சைச் சேர்மத்தில் ஒன்று மட்டும். விழாதவை உலோகத்தோடு பிணைந்து கிடப்பவை. சதுர அடைப்புக்குறி அந்தச் சோதனையின் படம். வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

'ஏட்' விகுதிக்கு வருவோம். பொட்டாசியம் ஹெக்சாசயனிடோஃபெரேட்(2). ஃபெரேட் என்பது இரும்பு. எதிர்மின் அணைவில் அது லத்தீன் பெயரில் வரும், செம்பு 'குப்ரேட்' ஆவதுபோல. +2இல் ஆறு சயனைடின் 6 போக -4. எனவே பொட்டாசியம் நான்கு: (பொட்டாசியம்)4 [இரும்பு (சயனைடு)6]. அடைப்பிலுள்ள 2, 3 ஆனால் பொட்டாசியமும் மூன்றாகும். அவள் இதைத் தானே சொன்னாள்.

அடுத்தது மேட்டில் நெகிழிக் கூடாரங்களுக்குள் நீர்வழி உரமிட்டு வளர்க்கும் பயிர்களைப் பற்றியது. அவற்றுக்கு இரும்புச் சத்தைப் பெரும்பாலும் ஈடிடிஏ அணைவாகவே கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் இரும்பு படிந்து பயிருக்கு எட்டாமல் போகும். சோடியம் எத்திலீன்டைஅமீன்டெட்ராஅசிட்டேட்டோஃபெரேட்(3). இங்கே 'டை', 'டெட்ரா' இரண்டையும் பார்த்துப் பயப்படக் கூடாது. அவை ஈனியின் சொந்தப் பெயரின் உறுப்புகள், ஈனிகளின் எண்ணிக்கை அல்ல. ஈனி ஒன்றே, சுமை -4, ஆறு இடத்தில் நண்டுபோல உலோகத்தைக் கவ்வும். 3இல் 4 போக -1, சோடியம் ஒன்று. இப்படிப்பட்ட ஈனிகள் இரண்டோ மூன்றோ வந்தால் குழப்பம் வராதிருக்கவே 'பிஸ்', 'டிரிஸ்' என்று வேறு எண்சொற்களை வைத்திருக்கிறார்கள்.

இரவு பத்து மணிக்குச் சித்தி தேநீர் கொண்டுவந்தார். பச்சைக் கொழுந்து கறுப்பதற்குப் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியம் கழன்றுபோவதும் ஒரு காரணம் என்றேன். "நாங்க வெட்டுறதுலயுமா இந்தக் கணக்கு இருக்கு?" என்று சிரித்தார்.

கடைசியாக நான் எழுதிக்கொடுத்தது சிஸ்-டைஅம்மைன்டைகுளோரிடோபிளாட்டினம்(2), அதாவது சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து. அவள் பிரித்தாள். +2, அம்மோனியா சுழியம், இரண்டு குளோரிடோ -2. பென்சில் அடைப்புக்குறிக்கு வெளியே போய் நின்றது.

"வெளியே எதுவுமே வராதா, அண்ணே?"

"வராது. சுழியம்."

சதுர அடைப்பை மூடிவிட்டு, ஆறு கேள்விகளையும் முதலிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.