ஏசினால் கை வருமா?

திருகோணமலையில் பியானோ சொல்லித்தருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் ஒரு ரீச்சரின் வாய் பொல்லாதது என்று தெரிந்தாலும் பெற்றோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இவரையும் விட்டால் பிள்ளைக்கு வேறு யார் என்ற பயம். லண்டன் சோதனை நெருங்கும் மாதங்களில், வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே உள்ளே நடந்தது தெரிந்துவிடும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்காக வயலினோ வீணையோ படிக்கிற பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. இந்த ஏச்சைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் நம் வீடுகளில் ஊறிக் கிடக்கின்றன. நல்ல காதுள்ள பிள்ளைகள் வாத்தியத்தையே மூடிவைத்துவிட்டுப் போவதற்கு அவையும் காரணம்.

“ஏசினால்தான் கை வரும்”

இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளை மோசமாக வாசித்தது, ரீச்சர் கிழிகிழியென்று கிழித்தார், அடுத்த வகுப்பில் நன்றாக வாசித்தது. இன்னொரு நாள் அபாரமாக வாசித்தது, பாராட்டினார், அடுத்த வகுப்பில் குழப்பிவிட்டது. பிறகென்ன, ஏச்சு வேலை செய்கிறது, பாராட்டு கெடுக்கிறது என்ற முடிவுக்கு யாரும் வரத்தான் செய்வார்கள்.

சீனக்குடாவில் நம் விமானப்படை விமானிகளைப் பயிற்றுவிப்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட விமானப் பயிற்றுநர்கள்தான், இஸ்ரேலில், இதே வாதத்தை டேனியல் கானமன் என்ற உளவியலாளரிடம் வைத்தார்கள். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை கெடுக்கிறான், மோசமாக ஓட்டியவனை ஏசினால் அடுத்த முறை திருந்துகிறான் என்றார்கள். கானமன் அவர்களையே ஓர் இலக்குக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, திரும்பிப் பார்க்காமல் இரண்டு தடவை நாணயம் எறியச் சொன்னார். யாரும் யாரையும் ஏசவுமில்லை, பாராட்டவுமில்லை. ஆனாலும் முதல் எறியில் இலக்கை நெருங்கியவர்களில் பெரும்பாலானோர் அடுத்த எறியில் விலகினார்கள். முதலில் தூரப் போனவர்களில் பெரும்பாலானோர் அடுத்ததில் நெருங்கினார்கள்.

எவருடைய வாசிப்பும் அவரவர் வழமையான தரத்தைச் சுற்றியே ஏறி இறங்கும். மிக மோசமான நாளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் சாதாரண நாள்தான், ஏசினாலும் ஏசாவிட்டாலும். இடையில் விழுந்த ஏச்சு, திருத்தியது நானே என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கானமன், தன் வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய தெளிவுகளில் ஒன்றாக இதைக் கருதினார். பியானோ ஆசிரியர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது என்பேன்.

குறை சொல்லாமலே கற்பிக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. குறை எதைப் பற்றியது என்பதுதான் கேள்வி. ஒருவருடைய வேலையைப் பற்றி அவருக்கே கருத்துச் சொன்னால் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்த பழைய ஆய்வுகளை எல்லாம் கிளூகர், டினீசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடங்களில், கருத்துச் சொன்ன பின் வேலை இன்னும் மோசமானது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பத் திரும்ப, பயன் குறைகிறது என்பது அவர்களுடைய விளக்கம். “நாலாம் விரல் பிந்துகிறது” என்ற சொல் விரலுக்குப் போகிறது. “உனக்கு இது வராது” என்ற சொல் நெஞ்சுக்குப் போகிறது.

“பெரிய கலைஞர்கள் எல்லாரும் ஏச்சு வாங்கியே வந்தவர்கள்”

இதற்குச் சாட்சியாகச் சீனத்துப் பியானோக் கலைஞர் லாங் லாங்கை இழுத்துவருவார்கள். அவர் 2008இல் வெளியிட்ட தன்வரலாற்றை முழுதாகப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 1982இல் ஷென்யாங்கில் பிறந்த அவரை, பெய்ஜிங் இசைக்கல்லூரியில் சேர்ப்பதற்காகத் தகப்பன் வேலையை விட்டுவிட்டுத் தலைநகருக்குக் கூட்டிவந்தார். அங்கே கிடைத்த ஆசிரியைக்குச் சிறுவன் வைத்த பெயர் ‘கோபப் பேராசிரியை’. எதை வாசித்தாலும் குறை. கடைசியில் உனக்குத் திறமை இல்லை என்று அனுப்பிவிட்டார். அந்த நாட்களில் தகப்பன் ஆத்திரத்தில் சொன்ன சொல் இங்கே எழுதக்கூடியதல்ல. பையன் சுவரில் குத்திக் குத்தித் தன் கைகளையே நொறுக்கப் பார்த்தான். அதன் பின் மாதக்கணக்கில் பியானோவைத் தொடவில்லை. மறுபடி உட்காரவைத்தது இன்னொரு ஏச்சல்ல, பாடசாலைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டதுதான்.

1997இல் அவர் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரிக்குப் போய் கேரி கிராஃப்மன் என்ற பியானோ ஆசிரியரிடம் சேர்ந்தார். கிராஃப்மனோ, கோபத்துக்குப் பெயர் பெற்ற ஆசிரியை இசபெல் வெங்கெரோவாவிடம் சிறு வயதிலிருந்து படித்தவர். அந்தப் பரம்பரையில் வந்தவர் தன் மாணவனுக்குச் சொன்னது, போட்டிகளில் வெல்லும் வெறியை விட்டுவிட்டு இசையைப் பார் என்பதுதான். ஏச்சிலே வளர்ந்தவர் ஏசித்தான் வளர்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

தனி ஒருவரின் கதை போதாது என்பவர்களுக்குக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1985இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அதில் 21 மேடைப் பியானோக் கலைஞர்களின் இளமைக்காலத்தைத் துருவிக் கேட்டார்கள். முதல் ஆசிரியரைப் பற்றி அவர்களில் பெரும்பாலானோர் நினைவுகூர்ந்தது, அன்பானவர், பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர் என்பது. கறாரான ஆசிரியர்கள் பிறகுதான் வந்தார்கள், பிள்ளைக்கு வாத்தியத்தின் மேல் ஆசை வேரூன்றிய பின். நம் ஊரில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் வகுப்பிலேயே கறார்.

“ரீச்சர் சொன்னதே தீர்ப்பு”

லண்டன் சோதனையில் தீர்ப்புச் சொல்பவர் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். அத்தகைய சோதனையை நடத்தும், 1889இல் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். சபையின் செயன்முறைப் பரீட்சையில் மொத்தம் 150 புள்ளி. சித்திக்கு 100, திறமைச் சித்திக்கு 120, அதிவிசேட சித்திக்கு 130. ஒவ்வொரு பாடலுக்கும் 30. பரீட்சகர் முப்பதிலிருந்து கழித்துக்கொண்டு போவதில்லை. சித்திப் புள்ளியான 20இல் நின்று, கேட்ட வாசிப்புக்கு ஏற்ப ஏற்றுகிறார் அல்லது இறக்குகிறார். அவர் எழுதித் தரும் குறிப்புகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். தாளம், ஒலியின் நிறம், சுரத் தெளிவு, இவற்றைப் பற்றித்தான் இருக்கும். பிள்ளை சோம்பேறியா, மக்கா என்று எங்கும் இராது. கறாருக்கு அளவுகோல் வேண்டுமென்றால் அந்தத் தாளே போதும்.

“பிழை முழுக்க விரலில்தான்”

கடலோர ஊர்க்காரர் இதை நம்பக்கூடாது. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் காற்றிலுள்ள ஈரத்தைப் பியானோவின் மரமும் கம்பளித்துணியும் குடித்துப் பருக்கின்றன. அழுத்திய கட்டை மேலே வரத் தாமதிக்கும், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். ஒரே சுரம் திரும்பத் திரும்பப் பிசகினால், அந்தக் கட்டையை மட்டும் தனியே அழுத்திவிட்டுப் பாருங்கள். பக்கத்துக் கட்டைகளை விட மெதுவாக எழும்பினால் குற்றவாளி பிள்ளையல்ல.

இன்னொன்று, வீட்டில் 61 கட்டைக் கீபோர்டில் பழகிவிட்டு வகுப்பில் 88 கட்டைப் பியானோவில் உட்காருகிற பிள்ளை. கீபோர்டுக் கட்டை தொட்டாலே இறங்கும். பியானோவில் ஒவ்வொரு கட்டையும் உள்ளே ஒரு சுத்தியலைத் தூக்க வேண்டும். ஒலி நலிந்து வருவது கை பலம் பெறாததால். “வீட்டில் தொடவே இல்லை” என்ற ஏச்சு அங்கே அநியாயம்.

“தாங்கிக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு”

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. வகுப்பு முடிந்த அன்று இரவே ஒரு கொப்பியில் இரண்டு பத்தி கீறச் சொல்லுங்கள். வாசிப்பைப் பற்றிச் சொன்னது ஒன்றில், தன்னைப் பற்றிச் சொன்னது மற்றதில். “மாட்டு வண்டி மாதிரிப் போகிறாய்” என்று ரீச்சர் சொன்னாரா? அடுத்த முறை பணிவாகக் கேட்கலாம்: “எந்த பாரிலிருந்து, ரீச்சர்?” கோபத்தில் இருப்பவரும் பன்னிரண்டாவது பார் (தாளக்கட்டம்) என்று விரலை வைத்துவிடுவார். அந்த எண்தான் பிள்ளைக்கு வேண்டியது, அது முதல் பத்திக்குப் போகட்டும். இரண்டாவது பத்தியை அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு இருந்து வாசிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் அது நீண்டுகொண்டே போனால், இக்கட்டுரையின் கடைசிப் பகுதி உங்களுக்கானது.

பன்னிரண்டாவது பாரை என்ன செய்வது? 2009இல் வெளியான ஆய்வில் இசைக்கல்வி ஆய்வாளர் ராபர்ட் டியூக்கும் சகாக்களும் 17 பியானோ மாணவர்களிடம் இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சின் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். மறுநாள் நன்றாக வாசித்தவர்கள் அதிக தடவை பழகியவர்களல்லர். பிழை வந்த இடத்திலேயே நின்று, அங்கே வேகத்தைக் குறைத்து, சரிவரும்வரை திருத்தியவர்கள். முழுப் பாடலையும் தொடக்கத்திலிருந்து நூறு தரம் வாசி என்ற கட்டளை பிழையையும் சேர்த்துத்தான் பழக்கும்.

“குருவை மாற்றுவது துரோகம்”

மாதா பிதா குரு தெய்வம் என்று வளர்ந்த நமக்கு இது கடினம்தான். ஆனால் விரலில் அடிமட்டத்தால் அடிப்பதும், நான்கு பேர் முன்னால் கேவலப்படுத்துவதும் கண்டிப்பல்ல. பாடசாலைகளில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சு 2005இலேயே 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடைசெய்தது. எங்கே படிக்கிற பிள்ளைக்கானாலும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். பிள்ளை வகுப்பு நாளில் சாப்பிடவில்லை, வயிற்றுவலி என்கிறது, நித்திரை கொள்ளவில்லை என்றால் இந்தக் கிரேட் சோதனை முடியட்டும் என்று காத்திராதீர்கள்.

புது ஆசிரியரிடம் போகும்போது பழைய புள்ளித் தாளையும் பாடப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். முதல் வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளை பிழைவிட்டதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை பிள்ளையைப் பற்றியதா, அந்த பாரைப் பற்றியதா என்று கவனித்துவிட்டுக் கட்டணத்தைப் பேசுங்கள்.